சில்லறையைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம்

காசு சேர்க்கிறேன் என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, “உங்ககிட்ட இருக்கிறது எத்தனை லட்சம் போகும்?” என்பதுதான். என் சேகரிப்பில் பெரும்பகுதிக்கு அதன் மேல் போட்டிருக்கும் மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கிடைக்காது. அப்படியும் விட முடியாத பழக்கம் இது.

நான் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். டிரிப் முடிந்து வருகிற டிரைவர்கள் டீசல், டோல், பேட்டா என்று செலவு ஒப்படைக்கும்போது மிச்சச் சில்லறையை மேசையில் கொட்டுவார்கள். அந்தக் குவியலை எண்ணும்போது ஆரம்பித்ததுதான் எல்லாம். புதிதாக இதில் இறங்க நினைக்கிற கொங்கு நாட்டுக்காரருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கடையிலும் ஆன்லைனிலும் போய் வாங்குவதற்கு முன்னால், காசு கைமாறுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள். நம் ஊரில் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இல்லை.

லாரி ஆபீஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தது அச்சக் குறி, அதாவது காசு எந்த ஊர் ஆலையில் அடித்தது என்று காட்டும் அடையாளம். இன்றைய இந்தியக் காசு எதை எடுத்தாலும் ஆண்டுக்குக் கீழே பாருங்கள். சாய்சதுரம் இருந்தால் மும்பை. நட்சத்திரம் இருந்தால் ஐதராபாத். சின்னப் புள்ளி இருந்தால் நொய்டா. ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. நம் பக்கத்துப் பெட்டிக்கடையில் என் கையில் அதிகம் சிக்குவது ஐதராபாத்தும் மும்பையும்தான். கொல்கத்தா, நொய்டா வரிசையை நிரப்பிக் கொடுத்தவர்கள் வடக்கே ஓடுகிற டிரைவர்கள். சிலிகுரி போய் வந்த ஒருவர், “அண்ணா, இந்தாங்க, உங்களுக்குன்னே எடுத்து வெச்சேன்” என்று நீட்டிய கைக்குட்டை முடிச்சில் பூட்டான் காசும் நேபாளக் காசும் கலந்து கிடந்தன. எல்லையோரக் கடைகளில் நம் காசோடு அவையும் புழங்குமாம். 1985ஆம் ஆண்டு ஒரு ரூபாயில் ஆண்டுக்குக் கீழே ஆங்கில எச் எழுத்து இருந்தால், அது இந்தியாவிலேயே அடித்தது அல்ல. இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருந்த ஹீட்டன் ஆலையில் அடித்துக் கப்பலில் வந்தது. உள்நாட்டு ஆலைகளால் சமாளிக்க முடியாத சில்லறைத் தட்டுப்பாடு அப்போது. இதையெல்லாம் தெரிந்துகொள்ளப் பத்துப் பைசா செலவில்லை. ஒரு லென்ஸ் மட்டும் வேண்டும். வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் செருகுகிற மாதிரியான பத்து மடங்கு லென்ஸ் போதும்.

2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதோடு டோல் சில்லறை நின்றுவிட்டது. டீக்கடைக்கும் ஜிபே வந்துவிட்டது. இப்போது மேசையில் விழுகிற காசு முன்பு விழுந்ததில் கால்வாசிகூட இருக்காது. அதனால் டவுன் பஸ் கண்டக்டர்களையும் கறிகாய் மார்க்கெட்காரர்களையும் சிநேகம் பிடித்து வைத்திருக்கிறேன்.

பத்து ரூபாய்க் காசை நம் பக்கம் பல கடைகளில் வாங்க மாட்டார்கள், தெரியும்தானே? பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு, ரூபாய்ச் சின்னம் இல்லாவிட்டால் செல்லாது என்று ஆளுக்கொரு சட்டம். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே, அதுவரை வந்த 14 வடிவங்களும் செல்லும் என்று அறிவித்துவிட்டது. ஆனாலும் கடைக்காரர் கை நீட்ட மாட்டார். எனக்கு இது வசதியாகப் போயிற்று. யாரும் வாங்காத பத்து ரூபாய்க் காசுகள் டப்பாவில் தூங்கும். நோட்டைக் கொடுத்து மொத்தமாக மாற்றிக்கொள்வேன். பார்த்து முடித்த பிறகு மிச்சத்தை வங்கியில் கட்டிவிடலாம், அவர்கள் வாங்கித்தான் ஆக வேண்டும். அந்த டப்பாக்களில் நான் முதலில் தேடுவது 2005, 2006 என்று ஆண்டு போட்ட முதல் வடிவம். காசில் ஆண்டு அப்படி இருந்தாலும் அது மக்கள் கைக்கு வந்தது 2009இல்தான். பின்னால் வந்தவற்றை விட அது குறைவாகத்தான் தட்டுப்படும்.

பிழைக்காசு, அதாவது ஆலையில் அடிக்கும்போதே தவறிப்போன காசு, தேடுகிறவர்கள் ஒரு சோதனையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். சிங்கத்தலை நேராக நிற்கும்படி காசின் உச்சியையும் அடியையும் இரண்டு விரலால் பிடித்து, பக்கவாட்டில் திருப்புங்கள். பின்பக்கமும் நேராகவே நிற்க வேண்டும். சாய்ந்து நின்றால் அச்சு சுழன்றிருக்கிறது என்று பொருள். லேசான சாய்வு நிறையக் காசில் இருக்கும், அதற்கு மதிப்பில்லை. கால்வட்டம் திரும்பிப் படுத்தோ, அரைவட்டம் திரும்பித் தலைகீழாகவோ நின்றால் எடுத்து வையுங்கள். முத்திரை ஒரு பக்கமாக நழுவி விழுந்து, மறுபக்கம் வெறும் தகடாகப் பிறை போலத் தெரிகிற காசும் அப்படித்தான்.

ஆனால் கோயம்புத்தூரிலிருந்து வருகிற ‘பிழை’யை நான் இரண்டு முறை பார்ப்பேன். பட்டறை ஊர் அது. பத்து ரூபாய்க் காசின் நடுவட்டத்தை வைஸில் வைத்து அழுத்தி வெளியே தள்ளி, தலைகீழாகத் திருப்பித் திரும்ப உள்ளே இறக்க லேத் பையனுக்கு அஞ்சு நிமிஷம் ஆகாது. முக்கால்வாசி விளையாட்டுக்குச் செய்வதுதான். அப்புறம் அது யாரோ ஒருவர் கையில் ‘ஆயிரத்தில் ஒரு பிழை’ ஆகிவிடும். லென்ஸில் பார்த்தால் பிடிபடும். உண்மையில் வளையத்தையும் நடுவட்டத்தையும் சேர்த்து வைத்துத்தான் ஆலையில் ஒரே அடியாக முத்திரை அடிக்கிறார்கள். அந்த அடியில்தான் இரண்டும் ஒன்றோடொன்று இறுகுகின்றன. பிதுக்கி எடுத்ததில் இரண்டும் சேருகிற கோட்டில் சுரண்டலும் பிசிறும் இருக்கும், நடுவட்டம் ஒரு பக்கம் துருத்தியும் நிற்கும். தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசு, ரோட்டில் டயர் ஏறித் தேய்ந்த காசு, ஆசிட் பட்டு மெலிந்த காசு எல்லாமே சேதம்தான், பிழை அல்ல.

கல்யாணச் சீசனில் வேறொரு சுரங்கம் திறக்கும். மொய்க் கவர். நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று வைப்பதற்காகக் கவர்க் கம்பெனிக்காரனே முகப்பில் ஒரு ரூபாயை ஒட்டி விற்கிறான். அவை பெரும்பாலும் மூட்டையிலிருந்து நேரே கவருக்குப் போனவை; ஒரு கை படாதவை. புது ஆண்டுக் காசு பளபளப்பு குறையாமல் வேண்டுமென்றால் இதை விடச் சுலபமான வழி கிடையாது. மொய் எழுதி முடித்த கையோடு, “அந்த வெத்துக் கவரெல்லாம் என்ன பண்ணுவீங்க மாமா?” என்று கேட்டு, ஒட்டிய ரூபாய்க்கு ரூபாய் கொடுத்துவிட்டு வாங்கி வருவேன். கவரிலிருந்து நகத்தால் பிய்க்கக் கூடாது, கீறல் விழும். காகிதத்தைச் சுற்றிக் கத்தரித்து வெதுவெதுப்பான நீரில் ஊறப் போட்டால் தானே கழன்றுவிடும். பிசுக்கு மிச்சமிருந்தால் சுத்தமான அசிட்டோன் ஒரு சொட்டு. நகப்பூச்சு அழிக்கிற பாட்டிலில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம். பிறகு துடைக்காமல், பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள்.

இனி வெள்ளிக்கு வருகிறேன். இதில்தான் காசும் போகும், கற்றுக்கொள்வதும் அதிகம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறைகள் இருப்பது எல்லாருக்கும் தெரியும். வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அறுந்த கொலுசு, நசுங்கிய குங்குமச் சிமிழ், அப்பத்தா சேலை முந்தியில் முடிந்து வைத்திருந்த வெள்ளி ரூபாய் எல்லாம் ஒரே பையில் அங்கே போகும். ஒரே மூசையில் உருகும். என் சகலைக்கு அங்கே பழக்கமான பட்டறைகள் உண்டு. உருக்கப் போகிற காசை எனக்கு ஒரு தடவை காட்டிவிடச் சொல்லி வைத்திருக்கிறேன். வெள்ளி விலைக்கு மேல் கொஞ்சம் போட்டு எடுத்துக்கொள்வேன். அவர்களுக்கு நட்டமில்லை. “சகலை, உருக்குற காசுக்கு எதுக்குங்க இத்தன ஆராய்ச்சி?” என்று அவர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

வெள்ளி ரூபாய் கையில் வந்ததும் நான் தலையைப் பார்ப்பதில்லை, ஆண்டைத்தான் முதலில் பார்ப்பேன். 1939 வரைக்கும் அடித்த ரூபாய் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 92 பங்கு வெள்ளி. எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். 1940 முதல் 1945 வரை அடித்தது பாதிதான் வெள்ளி. போர்க்காலம், வெள்ளி கிடைக்கவில்லை. எடை இரண்டுக்கும் ஒன்றேதான். ஆண்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே விலைக்கு வாங்கினால் பாதிக்குப் பாதி போய்விடும். பட்டறைக்காரர்களை இதில் ஏமாற்ற முடியாது, உரசிய உடனே சொல்லிவிடுவார்கள். வீட்டிலிருந்து நேரே வாங்குகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை, முழுக்க நிக்கல். பின்பக்கம் புலி நடக்கும் 1947 ரூபாயைக் காந்தத்தில் வைத்தால் ஒட்டும். அதைப் பார்த்துவிட்டுப் போலி என்று தூக்கி எறிந்தவர்களும் உண்டு. நிக்கலைக் காந்தம் இழுக்கும், அவ்வளவுதான் விஷயம். அதே காந்தத்தில் 1938 ரூபாய் ஒட்டினால் அது நிச்சயம் போலி.

1939 ரூபாய் ஒன்று கிடைத்தால் யோகம்தான். வெகு குறைவாகவே அடித்தது. அதனாலேயே 1938இன் கடைசி எண்ணைச் செதுக்கி ஒன்பதாக்குகிற வேலை நடக்கும். ஒன்பதின் வளைவைச் சுற்றியுள்ள தளம் மற்ற எண்களைச் சுற்றி இருப்பது போல வழுவழுப்பாக இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள். சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் வெள்ளி விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். 1862 விக்டோரியா ரூபாய் இதற்கு நேர் எதிர். அந்த ஆண்டையே மாற்றாமல் 1874 வரைக்கும் அடித்துத் தள்ளினார்கள், அதனால் 1862 என்றதும் மயங்க வேண்டியதில்லை. பின்பக்கத்தில் ஆண்டுக்குக் கீழும் பூவுக்கு மேலும் இருக்கிற புள்ளிகளை எண்ணித்தான் அதில் வகை பிரிப்பார்கள். விக்டோரியாவின் பெயரோடு குயின் என்று இருந்தால் 1876க்குள். எம்ப்ரஸ் என்றால் 1877க்குப் பிறகு.

ஐந்தாம் ஜார்ஜின் 1911 ரூபாய்க்கு ஒரு கதை உண்டு. ராஜாவின் அங்கியில் தொங்கும் பதக்க மாலையில் ஒரு யானை. துதிக்கை குட்டையாக விழுந்து அது பன்றி மாதிரித் தெரிந்துவிட்டது. ஜனங்கள் கொதித்தார்கள். அரசாங்கம் அந்தக் காசை நிறுத்தி, அடித்ததில் பெரும்பகுதியை உருக்கி, 1912இல் யானையைச் சரியான யானையாக்கியது. ‘பன்றி ரூபாய்’ என்று கேட்டால் வெள்ளி வியாபாரிகள் இன்றும் விலையை ஏற்றிச் சொல்வார்கள்.

நம் ஊர் வெள்ளிக் காசில் அடிக்கடி பார்க்கிற குறை கொக்கி வைத்த தழும்பு. மாலையாகக் கோத்தும் இடுப்புக் கொடியில் கட்டியும் போட்டுக்கொள்வதற்காக உச்சியில் ஒரு வளையத்தைப் பற்றவைத்திருப்பார்கள். பிறகு கழற்றி அரத்தால் ராவியிருப்பார்கள். தலைக்கு நேர் மேலே விளிம்பை நகத்தால் தடவினால் அங்கே மட்டும் கோடுகள் அழிந்து வழுவழுவென்றிருக்கும், பக்கத்தில் பற்றாசு படிந்து மங்கலாகத் தெரியும். சேகரிப்பவர்களிடம் அதற்கு வெள்ளி விலைதான். எனக்கு என்னவோ அவற்றை மூசையில் போட மனசு வராது. ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன். அதை விற்கவும் முடியாது, யாரும் கேட்கவும் போவதில்லை.

காசைக் கழுவாதீர்கள். இதை எத்தனை பேருக்குச் சொல்லியும் கேட்பதில்லை. எங்கள் அப்பத்தா, “புளியப் போட்டு வெளக்குனா பளபளன்னு ஆயிரும் கண்ணு” என்று செம்புக் காலணாவைத் தேய்த்துக் கொடுப்பார். பளபளப்பு வந்துவிடும், எழுபது எண்பது வருஷம் மேலே படிந்து காசைக் காத்த பழுப்பு போய்விடும். புளி, எலுமிச்சை, திருநீறு, பாத்திரம் தேய்க்கிற நார், பித்தளைப் பாலிஷ் எதுவும் ஆகாது. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் (டிஸ்டில்டு வாட்டர்) ஊற வைத்து, நீரை மாற்றிக்கொண்டே இருங்கள். செம்பில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் அதை மட்டும் மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். மெத்தென்று வாசம் வீசும் மலிவு பிளாஸ்டிக் உறைகளில் போட்டால், கொஞ்ச நாளில் அந்த உறையே பசை கக்கிக் காசில் பச்சையாகப் படியும். நடுவில் கண்ணாடித்தாள் வைத்த அட்டை ஹோல்டர்தான் நல்லது. காசை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள்.

பழைய செம்பில் கொங்கு நாட்டுக்கென்றே இருக்கிற சொத்து திப்புவின் யானைக் காசு. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுகிற வரைக்கும் கோயம்புத்தூர்ச் சீமை மைசூரின் கையில்தான் இருந்தது. சத்தியமங்கலத்துக்குக்கூட சலாமாபாத் என்று பேர் வைத்திருந்தார்கள். சந்தையில் வாங்கிய ஒன்று என்னிடம் இருக்கிறது. தகடு கனம், வட்டம் சரியாக இல்லை. யானை துதிக்கையைத் தொங்கவிட்டு நடக்கிறது, முதுகு தேய்ந்து வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது, ஆனால் வாலின் நுனிக் குஞ்சம் வரைக்கும் தெரிகிறது. பின்பக்கம் பாரசீக எழுத்தில் அச்சகத்தின் பெயர். பிற்கால ஆண்டுகளில் திப்பு தனியாக ஒரு சகாப்தக் கணக்கை வைத்து, எண்களை வலமிருந்து இடமாக எழுதச் செய்தார்; ஆண்டைப் படிக்கும்போது அதை மறந்துவிட்டால் தலை சுற்றும். காசுகளுக்கு அவர் வைத்த பெயர்களும் அழகு. பைசாவுக்கு சோரா, அதாவது வெள்ளிக் கிரகம். அரைப் பைசாவுக்கு பஹ்ராம், செவ்வாய்.

செம்பில் ராஜராஜன் காசும் தாராளமாகக் கிடைக்கும். ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்த ஆள், அவர் கையோரம் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ. ஆயிரம் வருஷக் காசு என்று சொல்லி விலை கேட்பார்கள். உண்மையில் மிகச் சாதாரணமாகக் கிடைப்பது. பழசு வேறு, அரிது வேறு. அதே போல 1808 என்று போட்ட பத்துக் கேஷ் (அன்றைய சென்னைச் செம்புக் காசு) ஈஸ்ட் இந்தியா கம்பெனி காலத்தது என்பதற்குக் கொஞ்சமும் பொருந்தாத பளபளப்போடு வந்தால், உடனே போலி என்று ஒதுக்க வேண்டாம். சென்னைக்குக் காசு ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகும் முன்பே மணல்திட்டில் மூழ்கிவிட்டது. 1980களில் மூழ்கி எடுத்தவர்கள் மூலம் அந்தக் காசுகள் உலகமெங்கும் பரவின. நம் ஊருக்கு வர வேண்டியவை, இரண்டு நூற்றாண்டு கழித்து வந்து சேர்கின்றன.

கரூர் பற்றிக் கேட்காதவர் இல்லை. அமராவதி மணலில் சேரர் காசும் ரோமச் செப்புக்காசும் கிடைத்தது உண்மை. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்து, ராஜாவின் தலையோடு வெளியான வெள்ளிக்காசுகள் அங்கேதான் கிடைத்தன. கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் ஒரு புதையலில் மட்டும் 522 ரோம வெள்ளிக்காசுகள் வெளிவந்தன. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரைக்கும் இங்கேக்கும் வியாபாரம் ஓடிய பாதை இது. நொய்யல் கரையில் இருக்கும் பழைய வணிக ஊரான கொடுமணலும் அதே பாதையில்தான் இருக்கிறது. இதையெல்லாம் கேட்டுவிட்டு, மெட்டல் டிடெக்டர் வாங்கட்டுமா என்று சில இளவட்டங்கள் கேட்கிறார்கள். வேண்டாம் தம்பி. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மண்ணிலோ, மண்ணோடு சேர்ந்த சுவர் போன்றதிலோ மறைந்திருந்து கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய தொட்டிக்கட்டு வீட்டை இடிக்கும்போது சுவரிலிருந்து கலயம் உதிர்ந்தாலும் இதே கதைதான். சட்டத்தை விட்டாலும், தோண்டி எடுத்த காசு கிடந்த இடமும் மண்ணடுக்கும் போய்விட்டால் அது என்ன சொல்ல வந்ததோ அதில் பாதி போய்விடும். பழங்காலக் காசு பார்க்க ஆசையா, அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அங்கே நின்று அசலைக் கண்ணில் வாங்கிக்கொண்ட பிறகுதான் சந்தையில் விற்கிற வார்ப்புப் போலிகளின் மழுங்கிய எழுத்து தெரியும். அசல் அடித்தது, போலி பெரும்பாலும் அச்சில் ஊற்றியது. ஊற்றியதில் பொடிப் பொடியாகக் குழி இருக்கும், விளிம்பில் ஒட்டுக் கோடு ஓடும்.

ராமர் பட்டாபிஷேகம், அனுமார், ஓம் என்றெல்லாம் போட்டு, மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818 ஒரு அணா என்று இருக்கும் செம்புத் தகடுகளோடு வாரத்துக்கு ஒருவராவது வருவார். கம்பெனி அப்படியொரு காசு அடித்ததே இல்லை. அலை விளிம்பு வைத்த ஒரு அணா ஏழாம் எட்வர்டு காலத்தில்தான் வந்தது. இந்தத் தகடுகளைச் சுற்றித்தான் அரிசி இழுக்கும் காசு, இரிடியம் என்று பெரிய மோசடியே நடக்கிறது. இரும்புத்தூள் தடவிய அரிசியும் உள்ளே காந்தமும் போதும், பார்க்கிறவர் அசந்துபோவார். கோடி ரூபாய்க்கு வாங்க ஆள் ரெடி, பரிசோதனைச் செலவுக்கு மட்டும் முன்பணம் என்று ஆரம்பிப்பார்கள். வைஷ்ணோ தேவி உருவம் போட்ட காசுக்குப் பத்து லட்சம் என்று செல்போனில் வருகிற விளம்பரமும் அதன் தம்பிதான். 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே, தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு விற்பனைக்குக் கட்டணமோ வரியோ கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று அறிவித்தது. விற்கிறவரிடம் முதலில் பணம் கேட்பவன் எவனும் வாங்க வந்தவன் அல்ல. போனை வைத்துவிடுங்கள்.

நான் இப்போது தேடிக்கொண்டிருப்பது பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்து, பசுமைப் புரட்சிக்கு வழி வகுத்த சி. சுப்பிரமணியத்தின் நூற்றாண்டுக்கு 2010இல் ஐந்து ரூபாய்க் காசு வெளியிட்டார்கள். சில்லறையில் ஒன்றிரண்டு சிக்கியது, எல்லாம் முகம் தேய்ந்தவை. அண்ணா நூற்றாண்டுக் காசு, தமிழில் கையெழுத்தோடு இருப்பது, என்னிடம் நல்ல நிலையில் உபரியாகவே இருக்கிறது. பொள்ளாச்சி, உடுமலை பஸ்ஸில் ஓடுகிற கண்டக்டர் யாராவது மூக்கும் கண்ணாடியும் தெளிவாகத் தெரிகிற சி.எஸ். காசு ஒன்று வைத்திருந்தால், ஒன்றுக்கு இரண்டாக மாற்றிக்கொள்ளத் தயார்.